கிறித்தவ நோக்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான பட்டப் பயிற்சி

கிறித்தவ நோக்கில் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான பட்டப் பயிற்சி என்பது, ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் கற்பிக்க விரும்புவோருக்குப் பட்ட நிலையிலோ பட்டத்திற்குப் பிந்திய நிலையிலோ வழங்கப்படும் ஆசிரியர் கல்வியின் ஒரு வகையாகும். குழந்தை, கற்றல், ஆசிரியப் பணி ஆகியவை பற்றிய கிறித்தவப் புரிதல் இதற்கு அடிப்படையாக அமைகிறது. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் இது தனிப் பட்டப்படிப்பாகவே உள்ளது. தமிழ்நாட்டில் கிறித்தவ ஆசிரியர் பயிற்சிக்கு ஏறத்தாழ 300 ஆண்டு வரலாறு உண்டு. ஆயினும் இங்குப் பட்டப் பயிற்சி பெரும்பாலும் உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கே உரியதாக வளர்ந்தது. தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குச் சான்றிதழ் அல்லது பட்டயப் பயிற்சியே போதும் என்ற நிலை நீடித்தது.

மாணவரின் வயது குறையக் குறைய ஆசிரியரிடம் எதிர்பார்க்கப்படும் படிப்பும் ஊதியமும் குறைவது இந்தியக் கல்வி அமைப்பின் பழைய வழக்கம். சிறியவர்களுக்கு முதலிடம் தரும் கிறித்தவப் போதனையை ஏற்ற நிறுவனங்களும் இந்த வழக்கத்திலிருந்து விலகவில்லை. அது எவ்வாறு உருவாயிற்று, இன்று எவ்வாறு மாறி வருகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களும் தகுதிகளும்

தமிழ்நாட்டில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்பவர் இடைநிலை ஆசிரியர் எனப்படுகிறார். மேல்நிலைக் கல்விக்குப் பின் இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சி பெற்று, ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் தேர்ச்சி பெறுவது இவருக்குரிய தகுதி. ஆறாம் வகுப்பு முதல் கற்பிப்பவர் பட்டதாரி ஆசிரியர். பட்டமும் பி.எட். பட்டமும் இவருக்குரிய தகுதிகள். 'பட்டதாரி ஆசிரியர்' என்ற பெயரே பட்டம் என்பது ஆறாம் வகுப்புக்கு மேல்தான் தேவை என்ற எண்ணத்தைக் காட்டுகிறது. நடைமுறையில் இடைநிலை ஆசிரியர் பலர் பணியில் சேர்வதற்கு முன்போ பின்போ பட்டம் பெற்றவர்களே. ஆனால் அந்தப் பட்டம் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் கலையை மையமாகக் கொண்டதன்று.

ஊதியத்திலும் இவ்வேறுபாடு தொடர்கிறது. 2009 சூன் 1 அன்றும் அதற்குப் பின்பும் நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியர்களின் தொடக்க அடிப்படை ஊதியம் 5,200 ரூபாயாகவும், அதற்கு முந்தையவர்களுக்கு 8,370 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இந்த வேறுபாட்டை எதிர்த்து 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்ற கோரிக்கையுடன் நடைபெற்று வரும் போராட்டங்கள் தமிழகம் நன்கறிந்தவை.

கருத்தடிப்படை

கிறித்தவ நோக்கு என்பது வகுப்பில் மறைநூலைக் கற்பிப்பதை மட்டும் குறிப்பதில்லை. ஆசிரியர் கல்வியில் அது நான்கு கருத்துகளாக வெளிப்படுகிறது.

முதலாவது, குழந்தை பற்றிய பார்வை. மனிதர் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்பது திருவிவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் போதனை. இதன்படி, மெதுவாகக் கற்கும் குழந்தைக்கும் விரைவாகக் கற்கும் குழந்தைக்கும் மதிப்பில் வேறுபாடு இல்லை. தம்மிடம் வந்த குழந்தைகளைத் தடுத்த சீடர்களை இயேசு கடிந்துகொண்ட நிகழ்வும் இக்கருத்துக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

இரண்டாவது, ஆசிரியப் பணியை ஓர் அழைப்பாகக் கருதுவது. இது ஆசிரியருக்கு மதிப்பைத் தந்தது. அதே வேளையில், அழைப்பு என்று சொல்லிக் குறைந்த ஊதியத்தை நியாயப்படுத்தவும் இது பயன்பட்டது.

மூன்றாவது, கற்பிக்கும் முறை. இயேசு விதைப்பவர், காணாமற்போன ஆடு, புளித்த மாவு என்று கேட்போரின் அன்றாட வாழ்விலிருந்து உவமைகளை எடுத்துப் பேசினார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்ற கற்பித்தல் விதிக்கு இதனைப் பயிற்சிக் கல்லூரிகள் எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன.

நான்காவது, பெற்றோரின் இடம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, குழந்தையின் முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று வலியுறுத்தியது. ஆசிரியர் பெற்றோருக்குத் துணை நிற்பவர் என்பது இதன் பொருள்.

இக்கருத்துகள் எல்லாக் காலத்திலும் ஒரே விதமாகப் புரிந்துகொள்ளப்படவில்லை. குழந்தையும் பாவ இயல்புடன் பிறக்கிறது, ஆகவே அதன் பிடிவாதத்தை முதலில் உடைக்க வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தக் கிறித்தவர் சிலர் கருதினர். பிரம்புக்கு இந்த விளக்கம் துணை நின்றது. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் தொன் போஸ்கோ, தண்டனைக்கு முந்திக்கொண்டு அன்பாலும் அறிவுரையாலும் தவற்றைத் தடுக்கும் முறையை முன்வைத்தார். அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906இல் தஞ்சாவூருக்கு வந்தனர். குழந்தைக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தருவதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்தபின், தொன் போஸ்கோவின் வழியே இந்தியாவின் சட்டத்தோடும் ஒத்துப்போகும் வழியாயிற்று.

தமிழகத்தில் தொடக்கம்: தரங்கம்பாடி

1706 சூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செருமானியர்களான பார்த்தலோமேயு சீகன்பால்க்கும் ஐன்றிக் புளுட்சோவும் செருமனியின் ஆலே நகரக் கல்வி மரபில் வந்தவர்கள். அங்கு ஆகஸ்ட் எர்மான் பிராங்கே ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளிகளை நடத்தியதோடு, அவற்றுக்கான ஆசிரியர்களை ஆயத்தம் செய்யும் அமைப்பையும் வைத்திருந்தார். பள்ளி வேண்டுமெனில் முதலில் ஆசிரியர் வேண்டும் என்பதை இவர்கள் அங்கேயே கற்றிருந்தனர்.

தரங்கம்பாடியில் தமிழ்வழிப் பள்ளியும் போர்த்துக்கேய மொழிப் பள்ளியும் தொடங்கப்பட்டன. 1716 வாக்கில் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் உருவாக்கும் பயிற்சிப் பள்ளி ஒன்றும் ஏற்பட்டது. இந்தியாவில் ஐரோப்பிய முறையில் அமைந்த மிகப் பழைய ஆசிரியர் பயிற்சி முயற்சிகளுள் ஒன்றாகக் கல்வி வரலாற்று நூல்கள் இதனைக் குறிப்பிடுகின்றன. வார நாள்களில் பள்ளி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமையில் உபதேசியார் என ஒருவரே இரு பணிகளையும் பார்க்கும் வழக்கம் இங்கு வேரூன்றி, பின்னர் பல மிஷன் பகுதிகளில் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஊருக்கு ஒருவரை மட்டுமே அனுப்ப முடிந்த காலத்தில் இது சிக்கனமான ஏற்பாடு. ஆனால் கற்பித்தல் என்பது தனிப் பயிற்சி வேண்டும் தொழில் என்ற எண்ணம் வளர இது தடையாகவும் இருந்தது.

எழும்பூரில் உருவான சென்னை முறை

ஆசிரியர் பயிற்சியின் உலக வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இசுக்காட்லாந்தைச் சேர்ந்த ஆங்கிலிக்கக் குருவான ஆண்ட்ரு பெல், 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். போதிய ஆசிரியர் இல்லாத அங்கே, மூத்த மாணவர்களைக் கொண்டே இளையவர்களுக்குக் கற்பிக்கச் செய்தார். உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதனையும் ஏற்றுக்கொண்டார். 1797இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலின் வழியாக இது 'சென்னை முறை' என்ற பெயரில் இங்கிலாந்தெங்கும் பரவியது. குவேக்கர் பிரிவைச் சேர்ந்த சோசப் இலங்காசுட்டரும் இதையொத்த முறையைப் பரப்பினார்.

மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லித் தருவதும், மணலில் எழுதிப் பழகுவதும் தமிழகத் திண்ணைப் பள்ளிகளின் வழக்கம். ஆகவே இங்கிருந்து சென்ற ஒரு முறையே பின்னர் மிஷன் பள்ளிகள் வழியாகப் 'புதிய' முறையாகத் திரும்பி வந்தது எனலாம். பெரும் எண்ணிக்கையிலான குழந்தைகளுக்கு மலிவாக எழுத்தறிவு தர இம்முறை உதவியது. எனினும், சிறு குழந்தைக்கு அரைகுறையாகக் கற்ற ஒருவரே போதும் என்ற எண்ணத்தையும் இது உறுதிப்படுத்தியது.

சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பில் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தது தெரியவந்தது. ஆசிரியரின் வருவாய் மிகக் குறைவாக இருப்பதைக் கல்வியின் முக்கியக் குறையாகக் கண்ட அவர், 1826இல் ஆசிரியர் பயிற்சிக்கென்று சென்னையில் ஒரு பள்ளி அமைய வழிசெய்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிஷன் பயிற்சிப் பள்ளிகள்

19ஆம் நூற்றாண்டில் மிஷன் சங்கங்கள் தமிழ்ப் பகுதியெங்கும் பயிற்சி நிறுவனங்களைத் தொடங்கின. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை செமினரி 1823இல் தொடங்கப்பட்டது. தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்த ஆசிரியர் பலர் அங்கிருந்து வெளிவந்தனர். அதே அமெரிக்க மிஷன் 1834இல் மதுரைக்கு வந்தது. அதன் செமினரி 1845இல் பசுமலையில் நிலைகொண்டது. திருநெல்வேலிப் பகுதியில் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியசு, சிற்றூர்ப் பள்ளிகளைப் பெருக்கியதோடு அவற்றுக்கான ஆசிரியர்களையும் உருவாக்கினார். சாயர்புரத்தில் சி. யு. போப் நடத்திய செமினரியும் இவ்வரிசையில் அடங்கும்.

பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சியில் மிஷன்களின் பங்கு குறிப்பிடத்தக்கது. உடல்நலம் குன்றியிருந்த நிலையில், இந்தியாவுக்கு வராமலேயே தென்னிந்தியப் பெண் கல்விக்காக இங்கிலாந்தில் உழைத்தவர் சாரா தக்கர். அவர் நினைவாகப் பாளையங்கோட்டையில் எழுந்த பெண் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் பின்னர் சாரா தக்கர் கல்லூரியாக வளர்ந்தது. ஆண் ஆசிரியரிடம் பெண் குழந்தைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கிய காலத்தில், பயிற்சி பெற்ற பெண் ஒருவர் ஊருக்கு வந்தால்தான் அவ்வூரில் பெண்கள் பள்ளி நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாளையங்கோட்டையில் ஆசுக்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், புளோரன்சு சுவைன்சன் செவித்திறன் குறைந்தோருக்கும் தொடங்கிய பள்ளிகள், இன்று உள்ளடக்கக் கல்வி எனப்படும் துறைக்கு முன்னோடிகள்.

மிஷன் பள்ளிகளின் கற்பித்தல் முறை அவற்றின் சமய நோக்கிலிருந்து பிரிக்கக்கூடியது என்பதற்கு ஆறுமுக நாவலர் சிறந்த சான்று. யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்புவாரியான ஒழுங்கு, படிநிலையாக அமைந்த பாலபாட நூல்கள், அச்சிட்ட பாடநூல் ஆகியவற்றைச் சைவக் கல்விக்குப் பயன்படுத்தினார். மிஷன் பள்ளியின் சமயத்தை எதிர்த்தவரே அதன் ஆசிரிய நுட்பத்தை ஏற்றுக்கொண்டார்.

பட்டமும் சான்றிதழும் பிரிந்த கதை

1854இல் வெளியான சார்லசு உட்டின் கல்வி அறிக்கை, தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி வழங்கவும் 'நார்மல் பள்ளி' எனப்பட்ட ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை அமைக்கவும் வழிகாட்டியது. சென்னையில் 1856இல் அரசு நார்மல் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே பின்னர் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாயிற்று. உதவி பெறும் பள்ளிகளாக மாறிய மிஷன் பள்ளிகள், அரசு வகுத்த பாடத்திட்டத்தையும் ஆய்வாளரின் தேர்வையும் ஏற்றன. மாணவர் தேர்ச்சிக்கு ஏற்ப நிதி தரும் முறை வழக்கில் இருந்த ஆண்டுகளில், சிற்றூர் ஆசிரியர் ஆய்வாளரின் கேள்விகளுக்குக் குழந்தைகளை மனப்பாடம் செய்விப்பவராகச் சுருங்கினார்.

1882இல் அமைந்த அண்டர் ஆணைக்குழு, பட்டதாரிகளுக்கும் பட்டம் பெறாதவர்களுக்கும் தனித்தனிப் பயிற்சி தேவை என்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1886 வாக்கில் எல்.டி. என்ற ஆசிரியப் பட்டத்தை ஏற்படுத்தியது. இதுவே பின்னர் பி.டி. ஆகவும், இன்று பி.எட். ஆகவும் மாறியது. இப்பட்டம் பெற்றவர்கள் ஆங்கிலம் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சென்றனர். தொடக்கப்பள்ளிக்கு நார்மல் பள்ளிச் சான்றிதழ் பெற்றவர்களே வந்தனர். இன்று 'இடைநிலை', 'பட்டதாரி' என வழங்கும் பிரிவின் வேர் இங்கே இருக்கிறது. மிஷன் சங்கங்களும் தங்கள் சிறந்த கட்டடங்களையும் சிறந்த ஆசிரியர்களையும் கல்லூரிகளுக்கும் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் ஒதுக்கின.

செங்கல்பட்டுச் சீமையின் சிற்றூர்ப் பள்ளிகள்

காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் அடங்கிய பகுதி இசுக்காட்லாந்துத் திருச்சபையின் பணிக்களம். 1837இல் சென்னைக்கு வந்த சான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அதன் கிளையாக 1839இல் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. நகரங்களில் இப்பள்ளிகள் ஆங்கிலக் கல்வியைத் தேடிய குடும்பங்களை ஈர்த்தன.

சேரிகளின் நிலை வேறு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் திரமென்ஈர், அம்மாவட்டத்தில் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களின் நிலை பற்றி 1891இல் எழுதிய அறிக்கை, 1892இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணைக்கு வழிவகுத்தது. அதே காலத்தில் இசுக்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரு செங்கல்பட்டுப் பகுதியின் சேரிகளில் பள்ளிகளை நடத்தினார். சிங்கப்பெருமாள் கோயில் பகுதியில் உள்ள மெல்ரோசாபுரம் குடியிருப்பும் அவரது முயற்சியால் ஏற்பட்டதே.

இத்தகைய பள்ளிகளில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரே இருந்தார். கூரைக் கொட்டகையில் எல்லா வகுப்பும் ஒன்றாக அமர்ந்திருக்கும். அறுவடைக் காலத்தில் குழந்தைகள் வரமாட்டார்கள். ஊரின் நிலவுடைமையாளர்கள் பள்ளியை விரும்பாத இடங்களில் ஆசிரியருக்குத் தங்க இடம் கிடைப்பதே அரிது. ஆசிரியப் பணியிலேயே மிகக் கடினமான இப்பணிக்கு, மிகக் குறைந்த பயிற்சி பெற்றவர் மிகக் குறைந்த ஊதியத்தில் அனுப்பப்பட்டார். ஆயினும் தலைமுறை தலைமுறையாக எழுத்து மறுக்கப்பட்ட குடும்பங்களில் முதல் எழுத்தறிவு பல ஊர்களில் இவர் கையால்தான் சென்று சேர்ந்தது.

இருபதாம் நூற்றாண்டு

இந்தக் குறை கிறித்தவ வட்டாரங்களிலேயே உணரப்பட்டது. கண்டி திரித்துவக் கல்லூரி முதல்வர் ஏ. சி. பிரேசர் தலைமையிலான குழு, இந்தியச் சிற்றூர்க் கல்வி பற்றி ஆராய்ந்து 1920இல் அறிக்கை வெளியிட்டது. சிற்றூர் ஆசிரியரின் பயிற்சி சிற்றூர் வாழ்வைச் சுற்றி அமைய வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. பஞ்சாபின் மோகா நகரில் பிரசுபிட்டேரியன் மிஷனின் பயிற்சிப் பள்ளியை நடத்திய வில்லியம் மெக்கீ, வீடு கட்டுதல், பயிரிடுதல், கடை நடத்துதல் போன்ற செயல்திட்டங்கள் வழியாக எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் முறையில் சிற்றூர் ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். காந்தியடிகள் 1937இல் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைப்பதற்கு முன்பே நடந்த முயற்சி இது.

தமிழகத்தில் பட்ட நிலைப் பயிற்சிக்கான கிறித்தவக் கல்லூரிகள் இக்காலத்தில் எழுந்தன. பல மிஷன் சங்கங்கள் இணைந்து 1923இல் சென்னை வேப்பேரியில் பெண்களுக்கெனப் புனித கிறித்தோபர் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கின. 1937இல் இராயப்பேட்டையில் மெசுட்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. பாளையங்கோட்டையில் புனித சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950இலும், பெண்களுக்கான புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி 1957இலும் தொடங்கப்பட்டன. இவை அனைத்தும் சிறந்த ஆசிரியர்களை உருவாக்கின. ஆனால் பல்கலைக்கழக விதிகளின்படி இவற்றின் முதன்மைப் படிப்பு உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கானதாகவே இருந்தது.

சிறு குழந்தைகளுக்கான ஆசிரியரே உயர்ந்த பயிற்சி பெற வேண்டும் என்ற கருத்துக்கு வலுச்சேர்த்தவர் இத்தாலியக் கத்தோலிக்கரும் மருத்துவருமான மரியா மாண்டிசோரி. பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவில் தங்கிப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். குழந்தையை உற்று நோக்குவதே ஆசிரியரின் முதல் திறன் என்பது அவரது பயிற்சியின் அடிப்படை.

பயிற்சியின் உள்ளடக்கம்

இன்று தமிழ்நாட்டில் கிறித்தவக் கல்வியியல் கல்லூரிகளும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் பொதுப் பாடத்திட்டத்தையே பின்பற்றுகின்றன. எல்லாச் சமயத்தவரும் அங்குப் பயில்கின்றனர். 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பு. அதில் 20 வாரங்கள் பள்ளிக் களப்பணிக்கு உரியவை. காலைக் கூட்டம், நன்னெறிக் கல்வி, விடுதி வாழ்வு, பயிற்சிப் பள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் விதம் ஆகியவற்றில்தான் கிறித்தவ நோக்கு வெளிப்பட இடமுண்டு. இவற்றுள் இறுதியானதே முக்கியமானது. கட்டணப் பள்ளிகளுக்கு மட்டும் பயிற்சி மாணவரை அனுப்பும் கல்லூரிக்கும், ஈராசிரியர் பள்ளிகளுக்கும் அனுப்பும் கல்லூரிக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு.

தொடக்கநிலைக்குரிய பட்டப் பயிற்சியில் இடம்பெற வேண்டியவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

- எழுத்தறிமுகமும் எண்ணறிமுகமும்: குழந்தை எழுத்தையும் ஒலியையும் எவ்வாறு இணைக்கிறது, இடமதிப்பு ஏன் குழப்புகிறது என்பன போன்றவை. இவை எளிய பாடங்களாகத் தோன்றினாலும் ஆழ்ந்த படிப்பு வேண்டுபவை.
- பல்வகுப்புக் கற்பித்தல்: கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். ஐந்து வகுப்புகளை இருவர் நடத்த வேண்டும்.
- மொழி: வீட்டு மொழியும் பள்ளி மொழியும் வேறாக உள்ள குழந்தைக்குக் கற்பித்தல்.
- குழந்தை உளவியலும் உள்ளடக்கக் கல்வியும்.
- ஆசிரியர் நெறி: சாதி, சமயம், பால் ஆகியவற்றால் வேறுபாடு காட்டாமை, தண்டனையற்ற ஒழுங்கு.

தொழிற்பகுதிப் பள்ளிகள் காட்டும் தேவை

திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் இத்தேவை கண்கூடு. இருங்காட்டுக்கோட்டையில் உண்டாய் ஆலையும், ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்ட இரெனோ–நிசான் ஆலையும், அவற்றைச் சார்ந்த உதிரிபாகத் தொழிற்சாலைகளும் வேளாண் ஊர்களின் முகத்தை மாற்றின. சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்கள் இன்று ஆலைகளுக்கும் ஏரிப்பாசன வயல்களுக்கும் இடையே அமைந்துள்ளன. கட்டுமானம், செங்கல் சூளை, ஆலை ஒப்பந்த வேலை ஆகியவற்றுக்காக ஒடிசா, பீகார், மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் இப்பகுதிக்கு வருகின்றன.

இத்தகைய குடும்பத்தின் குழந்தை ஆண்டின் நடுவில் பள்ளியில் சேரும். வேலை முடிந்ததும் சொல்லாமலே போய்விடும். அது வீட்டில் ஒடியாவோ இந்தியோ பேசும். வகுப்பில் தமிழ் எழுத்தைக் காணும். பத்து வயதுக் குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் அது எந்த மொழியிலும் படிக்கத் தெரியாததாக இருக்கலாம். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தைகளை அவர்கள் கற்ற நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கக் கருவிகளைத் தந்துள்ளது. கருவியைப் பயன்படுத்தக் கூர்ந்து நோக்கும் ஆசிரியர் வேண்டும். அன்று செங்கல்பட்டுச் சேரிப் பள்ளியின் ஒற்றை ஆசிரியர் எதிர்கொண்ட கேள்வி வேறு வடிவில் இன்றும் இருக்கிறது: யாருக்குக் கற்பிப்பது மிகக் கடினமோ அவரிடம் மிகச் சிறந்த ஆசிரியர் போய்ச் சேருகிறாரா?

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் திருச்சபைகளே தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சியின் முன்னோடிகள். பெண்களுக்காக 1841இல் தொடங்கிய ஒயிட்லாண்ட்சு கல்லூரி இன்று இலண்டன் உரோகாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் பகுதி. 1962இல் ஆசிரியர் பயிற்சிக்காக ஏற்பட்ட காண்டர்பரி கிறித்து ஆலயக் கல்லூரி 2005இல் பல்கலைக்கழகமாயிற்று. 1963இன் இராபின்சு அறிக்கைக்குப் பின் இக்கல்லூரிகள் சான்றிதழுக்குப் பதிலாகப் பட்டம் வழங்கத் தொடங்கின. அமெரிக்காவில் வீட்டன் கல்லூரி, கால்வின் பல்கலைக்கழகம் போன்றவை தொடக்கநிலை ஆசிரியருக்கான படிப்பைக் கிறித்தவ நோக்கில் பட்ட நிலையில் வழங்குகின்றன. பின்லாந்தில் 1970களின் இறுதியிலிருந்து தொடக்கப்பள்ளி வகுப்பாசிரியருக்கும் முதுகலைப் பட்டம் தகுதியாக்கப்பட்டது. அது அரசின் ஏற்பாடு, சமயம் சார்ந்ததன்று. ஆயினும் சிறு வகுப்புக்கும் உயர்ந்த பயிற்சி சாத்தியம் என்பதை அது காட்டியது.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. அரசு ஏற்பு பெற்ற அல்லது உதவி பெறும் நிறுவனத்தில் சமயப் போதனையில் பங்கேற்க, மாணவரின் இசைவோ, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவோ இல்லாமல் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 28ஆம் பிரிவு. கிறித்தவ நோக்கு இவ்விரண்டுக்கும் இடையே இயங்க வேண்டும்.

2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பில் இரு நீதிபதிகள் அமர்வு, ஆசிரியர் தகுதித் தேர்வைப் பணியிலுள்ள ஆசிரியருக்கும் கட்டாயமாக்கியது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வு பரிசீலிக்கப் பரிந்துரைத்தது.

பட்டம் பற்றிய கேள்வியில் 2023 ஆகஸ்ட் 11 தீர்ப்பு முக்கியமானது. பி.எட். பட்டதாரிகளைத் தொடக்கப்பள்ளிக்கும் நியமிக்கலாம் என்ற 2018ஆம் ஆண்டு அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் தனித்திறனை பி.எட். தருவதில்லை என்பது அதன் காரணம். பட்டம் உயர்ந்ததாக இருப்பது மட்டும் போதாது, குழந்தையின் வயதுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பதை இத்தீர்ப்பு தெளிவாக்கியது. தில்லிப் பல்கலைக்கழகம் 1994இல் தொடங்கிய நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டம் இவ்விரு தேவையையும் இணைத்த முயற்சி. தேசியக் கல்விக் கொள்கை 2020, நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டத்தை 2030க்குள் ஆசிரியரின் குறைந்தபட்சத் தகுதியாக்கப் பரிந்துரைத்தது. அக்கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை.

விமர்சனங்கள்

கிறித்தவ ஆசிரியர் பயிற்சி மதமாற்றத்தின் கருவியாக இருந்தது என்ற விமர்சனம் நாவலர் காலத்திலிருந்தே உண்டு. தொடக்க கால மிஷன்கள் தம் சமய நோக்கை மறைக்கவில்லை. சமத்துவம் பேசிய நிறுவனங்களுக்குள்ளேயே சாதி நிலவியது மற்றொரு விமர்சனம். தரங்கம்பாடி, தஞ்சைத் திருச்சபைகளில் சாதிவாரி இருக்கை நெடுங்காலம் நீடித்தது. பணியை அழைப்பு எனப் போற்றிக்கொண்டே ஆசிரியருக்கு உரிய ஊதியம் தராதது மூன்றாவது விமர்சனம்.

இவற்றோடு, சிறியவர் முதன்மை என்ற போதனையைத் தொடக்கப்பள்ளி ஆசிரியரின் தகுதியிலும் ஊதியத்திலும் இம்மரபு முழுமையாகக் காட்டவில்லை என்பதும் சேர்கிறது. தொடக்கநிலைக்கென்றே வடிவமைத்த பட்டப் பயிற்சியைப் பழைய பயிற்சிக் கல்லூரிகள் ஏற்று நடத்தி, அதில் தேறியவர்களை ஈராசிரியர் பள்ளிகளுக்கு அனுப்புமானால், முதல் வகுப்புக்குக் குறைந்த பயிற்சியே போதும் என்ற பழைய வழக்கம் தமிழ்நாட்டில் மாறத் தொடங்கும்.